புது இனமா இல்லையா: மஞ்சள் காலனியின் குறிப்புகள்

பிப்ரவரி 6
கடலடி வண்டலை நீர்த்துத் தடவிய அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) பிளேட்டுகளில் எல்லாம் வளர்ந்து ஓய்ந்த பிறகு, ஓரத்தில் மெதுவாகத் தலைகாட்டிய சின்ன மஞ்சள் பாக்டீரியாக் காலனி ஒன்றைப் பிரித்து எடுத்திருக்கிறேன். வண்டலில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பிளேட்டில் வளரவே வளராது, அதனால் தாமதமாக வருவதைத் தூக்கி எறிய மனசு வருவதில்லை. உப்பில்லாத அகாரில் வளரவில்லை. சரி, கடல்வாசிதான்.

பிப்ரவரி 19
பாக்டீரியாக்களை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவின் வரிசை வந்தது. நெருங்கிய உறவோடு ஒற்றுமை 97 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. 98.7-க்குக் கீழே இருந்தால் புது இனமாக இருக்கலாம். ஆனால் எல்லைக்கு மேலே இருந்தும் வேறு இனமாகத் தேறியவை நிறைய உண்டு, இந்த ஒரே மரபணுவை வைத்துக் கொண்டாடுவது அவசரம்.

மார்ச் 27
முழு ஜீனோம் கிடைத்துவிட்டது. ஏஎன்ஐ (இரண்டு ஜீனோம்களின் சராசரி ஒற்றுமை) 95-96 சதவீதம் என்ற எல்லைக்கு வெகு கீழே, டிஜிட்டல் டிஎன்ஏ கலப்பும் (ஜீனோம் ஒற்றுமையைக் கணினியில் கணக்கிடும் இன்னொரு முறை) 70 சதவீதத்தை நெருங்கவில்லை. இனி இனத்தைப் பற்றிச் சந்தேகமில்லை.

ஏப்ரல் 30
சலிப்பூட்டும் மாதம். எவ்வளவு உப்பு, எந்த வெப்பம், எந்த பிஹெச் என்று குழாய் குழாயாகப் பார்த்தாயிற்று. செல் சவ்விலுள்ள குயினோன் எம்கே-6 வகை, இது சேரும் ஃபிளாவோபாக்டீரியேசியே குடும்பத்தில் எதிர்பார்த்ததுதான். வளர்க்கும் வெப்பம் மாறினால் கொழுப்பு அமிலங்களின் விகிதமும் மாறிவிடும், அதனால் உறவினங்களின் டைப் ஸ்ட்ரெயின்களையும் (ஒவ்வொரு இனத்தின் பெயருக்கும் ஆதாரமான வளர்ப்பு) வரவழைத்து, அதே ஊடகத்தில், அதே வெப்பத்தில், பக்கத்திலேயே வளர்த்தோம். பழைய கட்டுரைகளின் அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து ஒப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மே 23
எனக்கு உறுத்துவது வேறு. கையில் இருப்பது ஒரே ஒரு ஸ்ட்ரெயின். அதன் குணங்களில் எது இனத்தின் பொதுக்குணம், எது இதற்கு மட்டும் உரியது என்று எப்படிப் பிரிப்பது? ஒரே ஸ்ட்ரெயின் இருந்தாலும் விதி ஏற்கிறது, பெரும்பாலான விவரிப்புகளும் அப்படித்தான் வருகின்றன. கட்டுரையில் இதை ஒளிக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன், சக ஆய்வாளருக்கு அரை மனசு.

ஜூன் 18
டைப் ஸ்ட்ரெயினை இரண்டு நாடுகளிலுள்ள இரண்டு சேகரிப்பு மையங்களில் ஒப்படைத்தால்தான் பெயர் செல்லும். 2022-இல் வந்த சீக்கோடு என்ற வேறொரு பெயரிடல் விதித்தொகுப்பு, ஜீனோமையே டைப்பாக ஏற்கிறது, வளர்க்க முடியாதவற்றுக்கு அது நல்ல வழி. வளர்கிற ஒன்றை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக எனக்கு விருப்பமில்லை, நாளைக்கு யாராவது என் முடிவைச் சந்தேகித்தால் வரவழைத்து வளர்த்துப் பார்க்கட்டுமே. ஒரு மையத்தின் சான்றிதழ் வந்துவிட்டது. இன்னொன்று வரும்வரை நுண்ணோக்கிப் படங்களுக்கு அளவுகோல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.