ரொக்கிக்கு ஏன் 'அது'?

கனடாவுக்கு வந்து இரண்டாவது மாரியில் எனக்கு இரண்டு வகுப்பறைகள் இருந்தன. வாரநாட்களில் நான் மாணவி. புதிதாகக் குடியேறியவர்களுக்கு மத்திய அரசின் செலவில் நடக்கிற 'லிங்க்' ஆங்கில வகுப்புக்குப் போவேன். சனிக்கிழமை காலையில் ஸ்காபரோவில் பள்ளிச் சபை நடத்தும் சர்வதேச மொழிகள் வகுப்பில் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் ரீச்சர்.

ஊரில் பத்து வருஷம் படிப்பித்த துணிவோடுதான் போனேன். முதல் நாளே "உங்களைப் பற்றி ஐந்து வசனம் எழுதுங்கோ" என்றேன். 'என் அக்கா இருக்கிறாள் தாதி.' 'நான் பசி.' 'நான் பிடிக்கும் மழை.' சிவப்புப் பேனையால் வெட்டி வெட்டித் திருத்திக் கொடுத்தேன். அடுத்த கிழமையும் அதே பிழைகள். ஒரு பையன் கொப்பியைத் திறக்கவே இல்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

விளங்கியது லிங்க் வகுப்பில்தான். 'யெஸ்ரடே வென்ற் ரு லைப்ரரி' என்று நான் எழுதியிருந்தேன். ஆசிரியை அந்த வரியில் விரலை வைத்து, "யார் போனது?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே புதுமையாய் இருந்தது. தமிழில் 'போனேன்' என்றாலே போனது நான்தான்; எழுவாய் வினைமுற்றின் விகுதிக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த வரி, 'மை பிரதர் டொக்டர்.' அங்கே ஒரு 'இஸ்' வேண்டுமாம். நாங்கள் 'என் அண்ணன் வைத்தியர்' என்று பெயரையே பயனிலையாக வைத்து வசனத்தை முடித்துவிடுகிறோமே! நான் விட்ட 'இஸ்'ஸைத்தான் என் மாணவி 'இருக்கிறாள்' என்று கொண்டுவந்து போட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. தனக்குத் தெரிந்த இலக்கணத்தை ஒழுங்காகவே கடைப்பிடித்திருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை சிவப்புப் பேனையை வீட்டில் விட்டுவிட்டு மட்டையும் கத்தரிக்கோலும் கொண்டு போனேன். 'நாய்', 'தம்பியை', 'கடித்தது' என்று மூன்று மட்டைகள். ஒரு பிள்ளை 'நாய் தம்பியைக் கடித்தது' என்று அடுக்கினாள். இன்னொருத்தனை 'தம்பியை நாய் கடித்தது' என்று மாற்றி அடுக்கச் சொன்னேன். கடி வாங்கியது யார்? இரண்டிலும் தம்பிதான். இதே மாதிரி ஆங்கிலத்தில் நாயையும் தம்பியையும் இடம் மாற்றினால் தம்பி நாயைக் கடித்துவிடுவான் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். பிறகு 'தம்பியை'யில் இருந்த 'ஐ'யை மட்டும் கத்தரித்து நாயோடு ஒட்டினோம். 'தம்பி நாயை' என்றதும் 'கடித்தது' பொருந்தவில்லை. "கடித்தான்!" என்று மூன்று பேர் ஒன்றாகக் கத்தினார்கள். கொப்பி திறக்காத பையனும் அதில் ஒருவன். வேற்றுமை உருபு என்ற பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னேன். பெயரை முதலில் சொல்லி, அட்டவணையைப் பாடமாக்க வைத்து, எத்தனை பிள்ளைகளை ஊரில் களைக்கப் பண்ணியிருக்கிறேன் என்று நினைக்க இப்போதும் மனம் நோகும்.

'நான் பசி'க்குத்தான் கூடக் காலம் எடுத்தது. பசியும் விருப்பமும் தமிழில் நான் செய்கிற வேலைகள் இல்லை, எனக்கு வருகிறவை. அதனால்தான் 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்கு மழை பிடிக்கும்'. அந்தக் 'கு' பிடிபடக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆனது.

உயர்திணை, அஃறிணை படித்த அன்று ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதினாள்: 'ரொக்கி வந்தான்.' ரொக்கி அவர்கள் வீட்டு நாய். 'வந்தது' என்று எழுத வேண்டும் என்றேன். கண் கலங்கிவிட்டது. "எங்கட ரொக்கி 'அது' இல்லை ரீச்சர், அவன்."

பதில் எங்கள் இலக்கணத்திலேயே இருந்தது. மகிழ்ச்சியால் திணை மாறிச் சொன்னால் அதைப் பிழையாகக் கொள்ளாமல் நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. தன் பசு வருவதைக் கண்டு ஒருவன் ஆசையோடு 'என் அம்மை வந்தாள்' என்று சொல்வதுதான் அதற்குக் காட்டுகிற உதாரணம். திணை வழுவமைதி என்று பெயர். பொதுவாக நாய்க்கு 'வந்தது'தான், ஆனால் அன்பு இருந்தால் இதற்கும் இடம் உண்டு என்று சொல்லி, பசுவின் கதையையும் சொன்னேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு குனிந்து இன்னொரு வரி எழுதிக் கொப்பியை என் பக்கம் திருப்பினாள்.

'எங்கள் ரொக்கி வந்தான். அவனுக்குப் பசித்தது.'