22 அடிக்குள்ள ஒரு வளவு

கோட்டையூர் பக்கம் 30க்கு 50 மனை, அதுல வீடு கட்டப்போறேன்னு சொன்னதுமே சொந்தத்துல எல்லாரும் கேட்ட மொத கேள்வி "வளவு வைக்கிறியா?" தான். வளவுன்னா எங்க செட்டிநாட்டு வீடுகள்ல நடுவுல கூரையில்லாத முத்தம் (முற்றம்), அதைச் சுத்தி தூணும் ரூமுமா இருக்கிற பகுதி. எங்க ஐயா வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல, முகப்பு, பட்டாலைங்கிற கூடம், வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு போய்க்கிட்டே இருக்கும், திண்ணையில நின்னு பாத்தா கடைசி கதவு வரைக்கும் நேரா தெரியும். அதைப் பாத்து வளந்துட்டு 1500 சதுர அடிக்குள்ள பிளான் போடுறது கொடுமைங்க.

கணக்கு இதான். ரெண்டு பக்கமும் மூணு மூணு அடி விட்டா அகலம் 24. வெளிச்சுவர் 9 இஞ்ச், ரெண்டு பக்கமும் போக உள்ள 22½. நடுவுல 4½ இஞ்ச் சுவர் ஒண்ணு போனா மிச்சம் 22 அடி ஒண்ணரை இஞ்ச். நான் ரூமுக்கு 10, ஹாலுக்கு 12ன்னு போட்டுட்டுப் போனா கொத்தனாரண்ணன் "மனையடி சாஸ்திரத்துல 12 ஆகாது தம்பி, 11க்கு 11ஆ வச்சுருவோம்"ங்கிறாரு. எனக்கு அதுல நம்பிக்கை கெடையாது, ஆனா 11ம் 11ம் கச்சிதமா உக்காந்துச்சு, மிச்சம் பூச்சுக்குப் போயிரும், எதுக்கு சண்டைன்னு விட்டுட்டேன்.

பேப்பர்ல எல்லா ரூமும் பெருசாத்தாங்க தெரியும். ஒரு ஞாயித்துக்கெழம சுண்ணாம்புத்தூள் வாங்கிட்டுப் போயி மனையிலயே கோடு போட்டோம், கட்டிலுக்கு 5க்கு 6½, பீரோவுக்கு 2 அடின்னு செங்கல்ல அடையாளம் வச்சு வீட்டுக்காரிய உள்ள நடந்து பாக்கச் சொன்னா, "கதவைத் தொறந்தா பீரோவுல இடிக்குமே"ன்னு நின்ன எடத்துலயே சொல்லிட்டா. கதவு மூலைக்குப் போயிருச்சு. மாடிப்படியும் அப்டித்தான், 10 அடி ஒசரத்துக்கு 6 இஞ்ச்சுல 20 படி, உள்ள வச்சா ஒரு ரூமையே முழுங்கிரும், முன்னாடி வெளியில தள்ளிட்டோம், நாளைக்கு மாடிய வாடகைக்கு விடவும் தோது.

ஆனா மூணு பெட்ரூம்ல தான் ரொம்ப நாள் மல்லுக்கட்டிட்டு இருந்தேன். அப்பத்தா தான் சிரிச்சுச்சு. "வளவு ரூம் எல்லாம் சாமான் வைக்கடா, உள்ள யாரு படுத்தா? நீயெல்லாம் பட்டாலையில தான உருண்டு கெடந்த?"ன்னுச்சு. நெசந்தான். கல்யாணமான மகன் ஒவ்வொருத்தனுக்கும் ரூம் இருந்துச்சு, ஆனா சாப்பாடு, வத்தல் காயவைக்கிறது, ஊர்க்கதை எல்லாமே தூணோரமும் முத்தமும் தான.

அதனால மூணாவது ரூம் போச்சு. அந்த எடத்துல 6க்கு 8ல முத்தம், தரை அர அடி எறக்கி, மழைத்தண்ணி குழாய் வழியா தொட்டிக்குப் போற மாதிரி. இஞ்சினியர் மேல ஷீட் போட்டு மூடிருங்கன்னாரு, மூடுனா சூடு எப்டி மேல போகும், அப்புறம் அது என்ன முத்தம், வெறும் கம்பி மட்டும் போதும்னுட்டேன். பொறா வந்து அசிங்கம் பண்ணும்னு பயமுறுத்துறாங்க, வல அடிச்சுக்கலாம்.

வர்ற வாரம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுறாங்க. நேத்து அப்பத்தாவக் கூட்டிட்டுப் போயி சுண்ணாம்புல போட்ட கோடெல்லாம் காமிச்சேன். ஒரு சுத்து சுத்திட்டு "சாமி வீடு எங்கடா?"ன்னுச்சு.

அதுக்கு நான் கோடே போடல.