சலித்துக்கொண்டே முகங்களை வரைந்தவர்: தாமஸ் கெயின்ஸ்பரோ

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ தம் நண்பரும் இசைக் கலைஞருமான வில்லியம் ஜாக்சனுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், மனிதர்களின் உருவப்படங்களை வரைந்து வரைந்து தமக்கு அலுத்துப்போய்விட்டதென்றும், வயோலா ட காம்பா என்னும் தம் தந்தி வாத்தியத்தை எடுத்துக்கொண்டு ஏதாவதோர் இனிய கிராமத்துக்குப் போய், நிலக்காட்சிகளை வரைந்தபடி வாழ்நாளின் மிச்சத்தை நிம்மதியாகக் கழிக்க விரும்புவதாகவும் புலம்பியிருக்கிறார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கடிதத்தைத் தொடாமல் போவதில்லை. அதனாலேயே, வயிற்றுக்காக முகங்கள், மனத்துக்காக மரங்கள் என்று அவரை இரு கூறாக்கிப் பார்க்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. எனக்கு இந்தப் பாகப்பிரிவினையில் உடன்பாடு இல்லை. அவர் சலித்துக்கொண்டே வரைந்த முகங்கள் இன்றும் உயிர்ப்போடு இருப்பதற்குக் காரணம், ஒரு மரத்தையும் ஒரு மேகத்தையும் எப்படித் தீட்டினாரோ அப்படியே அந்த முகங்களையும் தீட்டினார் என்பதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்துச் சட்பரி என்னும் நெசவு ஊரில், துணி வணிகம் செய்துவந்த குடும்பத்தில் 1727இல் அவர் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. பதின்மூன்று வயதில் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, கிராவலோ என்ற பிரெஞ்சுச் செதுக்கோவியரிடம் கோட்டின் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொண்டார். டச்சு நிலக்காட்சி ஓவியர்களை, குறிப்பாக ரைஸ்டாலை, படியெடுத்துப் பழகினார். 1746இல் மார்கரெட் பர்ரை மணந்தார். மார்கரெட், பியூஃபோர்ட் பிரபுவுக்கு மண உறவுக்கு வெளியே பிறந்த மகள். அவருக்கு ஆண்டுதோறும் கிடைத்துவந்த 200 பவுண்டு உதவித்தொகை இளம் ஓவியரின் குடும்பத்தைக் கரைசேர்த்தது.

சட்பரிக்குத் திரும்பிய பிறகு, ஏறத்தாழ 1750இல், 'திருவாளர் ஆண்ட்ரூஸும் திருமதி ஆண்ட்ரூஸும்' என்ற படத்தை வரைந்தார். ஆண்ட்ரூஸ் குடும்பத்தாரிடமே இரு நூற்றாண்டுகள் இருந்துவிட்டு, 1960இல் லண்டன் நேஷனல் கேலரிக்கு வந்து சேர்ந்தது அது. படத்தின் முன் நின்றால் முதலில் உறுத்துவது அதன் அமைப்பு: புதிதாக மணமான தம்பதியர் இடப்புறத்து ஓக் மரத்தடியில் ஒதுங்கியிருக்க, வலப்புறம் பாதிப் படத்தை அவர்களுடைய நிலமே பிடித்துக்கொண்டிருக்கிறது. அறுவடை முடிந்து கதிர்க்கட்டுகள் நிற்கின்றன. அடித்தாள்கள் நேர்வரிசையாக ஓடுவதைப் பார்த்தால், அக்காலத்தில் புதிதாக வந்த விதைப்புக் கருவியைக் கொண்டு பயிரிட்ட நிலம் அது என்று தெரிகிறது. தொலைவில் வேலியிட்ட புல்வெளியில் ஆடுகள் மேய்கின்றன. மரங்களுக்கு இடையே, இருவரும் மணம் செய்துகொண்ட தேவாலயத்தின் கோபுரம் எட்டிப்பார்க்கிறது. கணவர் துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலட்சியமாகச் சாய்ந்து நிற்க, நாய் அவர் முகத்தை அண்ணாந்து பார்க்கிறது. மனைவி நீலப் பட்டு உடையை அகல விரித்து, முதுகு வளையாமல் அமர்ந்திருக்கிறார். அவருடைய மடியில் மட்டும் தீட்டப்படாத ஒரு திட்டு. அந்த இடத்தில் கணவர் சுட்ட பறவை ஒன்று வரவிருந்ததா, பிறக்கப்போகும் குழந்தைக்காக விடப்பட்டதா என்று இன்றுவரை ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் தம்பதியரின் முகங்களில் பொம்மைத்தனம் கொஞ்சம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. இருபத்துச் சொச்சம் வயது ஓவியர் வயலையும் வானத்தையும் தீட்டத் தெரிந்துகொண்ட அளவுக்கு முகத்தைத் தீட்டத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த இடைவெளி குறையத் தொடங்கியது அவர் தம் மகள்களை வரைந்தபோது என்பது என் எண்ணம். 1750களின் நடுவில், இப்ஸ்விச் நகரில் வாழ்ந்த நாள்களில் தீட்டிய 'பட்டாம்பூச்சியைத் துரத்தும் ஓவியரின் மகள்கள்' படத்தில், மேரியும் மார்கரெட்டும் கைகோத்து ஓடிவருகிறார்கள். இளையவள் முட்செடிமேல் உட்கார்ந்த பட்டாம்பூச்சியை எட்டிப் பிடிக்கக் கை நீட்டுகிறாள்; மூத்தவள் சற்றே தயங்குகிறாள். பின்னாலுள்ள மரங்கள் வெறும் பழுப்பு வீச்சுகளாகவே நின்றுவிட்டன, பாவாடைகளும் முழுமையடையவில்லை. வாடிக்கையாளர் எவரும் கேட்காத படம் என்பதால் எங்கே நிறுத்துவது என்பதை அவரே முடிவுசெய்துகொள்ள முடிந்தது. பிற்காலத்தில் மேரியின் திருமணம் சில மாதங்களிலேயே முறிந்து, மனநலமும் கெட்டு, தங்கையே தான் இறக்கும்வரை அவளைப் பார்த்துக்கொண்டாள் என்பதை அறிந்த பிறகு அந்தக் கோத்த கைகளை வெறும் கைகளாகப் பார்ப்பது கடினம்.

1759இல் குடும்பத்தோடு பாத் நகருக்குக் குடிபெயர்ந்தார். வெந்நீர் ஊற்றுகளில் குளிக்கவும் சீட்டாடவும் வரன் பார்க்கவும் செல்வந்தர்கள் கூடும் ஊர் அது. உருவப்பட ஓவியருக்கு அதைவிட நல்ல சந்தை லண்டனுக்கு வெளியே இல்லை. அக்கம்பக்கத்து மாளிகைகளில், முந்தைய நூற்றாண்டின் உருவப்பட ஓவியர் வான் டைக்கின் படங்களைப் பார்த்துப் பார்த்து, ஆள் உயரப் படங்களில் துணி மடிப்பையும் உடலின் நிலையையும் கையாளக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். இங்கே ஒரு தொழில்முறைச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஜோஷுவா ரெனால்ட்ஸ் உள்ளிட்ட அக்காலத்துப் பிரபல ஓவியர்கள் முகத்தைத் தாங்கள் வரைந்துவிட்டு, உடைகளைத் தீட்டும் வேலையை அதற்கென்றே இருந்த கூலி ஓவியர்களிடம் ஒப்படைப்பது வழக்கம். கெயின்ஸ்பரோ அப்படிச் செய்யவில்லை. பிற்காலத்தில் உதவிக்கு வைத்துக்கொண்ட அக்காள் மகன் டூபாண்டைத் தவிர வேறு கை அவர் படங்களில் பட்டதில்லை. ஆகவே கன்னத்தையும் தலைமுடியையும் பட்டையும் இலைகளையும் ஒரே தூரிகை, ஒரே வேகத்தில் கடந்துபோகிறது. மனிதர்கள் பின்னணியில் ஒட்டவைக்கப்பட்டவர்களாகத் தோன்றாமல், அந்தக் காற்றிலேயே நிற்பவர்களாகத் தோன்றுவது இதனால்தான்.

அந்த வேகத்துக்கு ஒரு சான்று, 1768 நவம்பர் 29 அன்று பாத் நகரில் தீட்டிய இக்னேஷியஸ் சாஞ்சோவின் படம். அடிமைத்தளையில் பிறந்து, மாண்டகு பிரபு வீட்டில் பணியாளராக இருந்து, பின்னர் லண்டனில் மளிகைக் கடை வைத்து, பிரிட்டனின் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்த கறுப்பினத்தவர் அவர். ஒரு மணி நாற்பது நிமிடங்களில் முடிந்த படம் என்று அதைப் பற்றிய குறிப்பு சொல்கிறது. பணியாளரைப் படத்தில் காட்டுவதென்றால் எஜமானருக்குப் பின்னால் தட்டேந்தி நிறுத்துவது அக்கால வழக்கம். இங்கே சாஞ்சோ ஒரு கனவானைப் போலச் சிவப்பு உள்சட்டைக்குள் கையைச் செருகியபடி தனித்து அமர்ந்திருக்கிறார். சட்டையின் பொற்கரை சில மஞ்சள் தீற்றல்கள் மட்டுமே. முகத்தின்மேல் விழும் வெளிச்சமோ அவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறது.

அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தவர்கள் வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அறையை இருட்டாக்கிக்கொண்டு, சில வேளைகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில், முகத்தின் பொது அமைப்பை மட்டும் முதலில் பிடிப்பார். அமர்ந்திருப்பவரின் தலைக்கு அருகிலேயே கித்தானை நிறுத்தி, ஆளிடமிருந்தும் படத்திலிருந்தும் ஒரே தொலைவில் தாம் நிற்க வேண்டும் என்பதற்காக ஆறடி நீளக் காம்புள்ள தூரிகைகளைக்கூடப் பயன்படுத்தினார். வண்ணத்தை நீர்வண்ணம் போல ஓடுமளவுக்கு இளக்கிக்கொள்வார்.

நிலக்காட்சிகளுக்கோ வேறு ஏற்பாடு. உள்ளதை உள்ளபடி வரையும் இடச்சித்திரங்களில் அவருக்கு நாட்டமில்லை. ஹார்ட்விக் பிரபு ஒரு குறிப்பிட்ட இடத்தை வரைந்து தரச் சொன்னபோது மரியாதையாக மறுத்துவிட்டார். மேசைமேல் உடைந்த கற்கள், உலர்ந்த செடிகள், கண்ணாடித் துண்டுகள் ஆகியவற்றைப் பரப்பி, அவற்றைப் பாறையாகவும் மரமாகவும் நீராகவும் பெருக்கி வரைவாராம். காட்டுக்கு பிராக்கோலிப் பூவை வைத்தார் என்றும் சொல்வார்கள். சஃபோக்கின் வயல்களை நேரில் அளந்து தீட்டியவர், வயதாக ஆகக் காய்கறியை வைத்துக் காடு கட்டினார் என்பது எனக்குச் சற்றே ஏமாற்றம்தான். பிற்கால நிலக்காட்சிகளைவிடத் தொடக்கக் காலத்தின் 'கார்னார்ட் காடு'தான் எனக்குப் பிடித்தது. அந்தக் கற்பனைக் காட்சிகளுக்குப் பெரிதாக வாங்குவாரும் இல்லை. 1774இல் லண்டன் பால் மால் தெருவிலுள்ள ஷோம்பர்க் மாளிகைக்குக் குடிவந்த பின், படம் வரைந்துகொள்ள வந்த பிரபுக்கள், விலைபோகாமல் வரிசையாக நின்ற நிலக்காட்சிகளைக் கடந்துதான் ஓவிய அறைக்குள் நுழைந்தார்கள்.

புகழ்பெற்ற 'நீலச் சிறுவன்' பற்றி ஒரு சொல். நீலத்தைப் படத்தின் நடுவே வைக்கக் கூடாது என்று ரெனால்ட்ஸ் ஓர் உரையில் விதித்ததை முறியடிக்கவே அதை வரைந்தார் என்ற கதை இன்னும் உலவுகிறது. படம் காட்சிக்கு வந்தது 1770. ரெனால்ட்ஸ் அந்த உரையை ஆற்றியது 1778. கதை அத்தோடு சரி.

ஆனால் இருவருக்கும் இடையே போட்டி இருந்தது உண்மை. ராயல் அகாடமி என்னும் லண்டன் கலைக் கழகத்தின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவராக இருந்தும், கெயின்ஸ்பரோ 1784இல் இளவரசிகள் மூவரின் படத்தைத் தாழ்வாக மாட்டச் சொன்ன கோரிக்கை மறுக்கப்பட்டதும், தம் படங்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதன்பின் அங்கே காட்சிக்கு வைக்கவே இல்லை. 1788இல் கழுத்தில் வந்த புற்றுநோய் முற்றியபோது ரெனால்ட்ஸுக்கு ஆள் அனுப்பி வரவழைத்துப் பேசினார். ஆகஸ்ட் 2 அன்று காலமானார். கியூ தேவாலயத்துக்குச் சென்ற இறுதி ஊர்வலத்தில் ரெனால்ட்ஸும் உடன் நடந்தார்.

அவ்வாண்டு டிசம்பரில் ரெனால்ட்ஸ் அகாடமி மாணவர்களுக்கு ஆற்றிய உரைதான் கெயின்ஸ்பரோவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் சிறந்தது என்பேன். கிட்டத்தில் பார்த்தால் ஒழுங்கற்ற கீறல்களாகத் தெரிபவை, குறித்த தொலைவில் ஏதோ மாயத்தால் உருக்கொள்கின்றன என்கிறார். தம் படங்களைத் தொலைவிலிருந்து மட்டுமன்றி அருகிலிருந்தும் மக்கள் பார்க்க வேண்டும் என்று கெயின்ஸ்பரோ துடித்ததையும் சொல்கிறார். மாட்டும் உயரத்துக்காக நடந்த சண்டைக்கு அதுவே பொருள். முகத்தை முற்றுப்பெறாமல் விட்டதே சாயல் பொருந்தியதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும், மிச்சத்தைப் பார்ப்பவரின் கற்பனை நிரப்பிக்கொள்கிறது என்றும் ஊகிக்கிறார். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு: வரையப்பட்டவரை முன்பே அறியாதவருடைய கற்பனை தன் போக்கில் எந்த வடிவத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், இது ஆபத்தான வழி. அந்த அறியாதவர் கூட்டத்தில்தான் இன்று நாம் அனைவரும் இருக்கிறோம். இருந்தும், ரெனால்ட்ஸ் செம்மையாக முடித்துத் தந்த பல கனவான்களின் முகங்கள் எனக்கு ஒன்றோடொன்று குழம்பிப்போகின்றன. அவசரத்தில் தீட்டிய சாஞ்சோவின் முகத்தை எந்தக் கூட்டத்திலும் என்னால் அடையாளம் காட்ட முடியும்.