செக்ரோல் தாளின் பின்பக்கம்

1943 ஏப்ரல் 8
சாமான் ஏற்றும் இரும்பு ரயில்பெட்டி. மலாயாத் தோட்டத்திலிருந்து எங்களைச் சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோகிறான். உள்ளே முப்பது பேருக்கு மேல். கால் நீட்டுவதற்கு முறை வைத்திருக்கிறோம். பகலில் தகரம் அடுப்பாய்க் காய்கிறது. ஈப்போ தாண்டியாயிற்று. மூன்று மாதம்தான், நாளுக்கு ஒரு வெள்ளி, அரிசி சும்மா என்று தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் தண்டல் இன்னும் சொல்லிக்கொண்டே வருகிறார்.

ஏப்ரல் 10
தோட்டத்தில் ஏழாம் லயத்து வீட்டுவரிசைப் பையன் தன் முறையையும் எனக்கே விட்டுவிடுகிறான். “நீங்க ஆபீஸ்ல உக்காந்தவங்க அண்ணே, உங்களுக்குப் பழக்கமிருக்காது.” வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நீட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 13
சயாமில் பான்போங். இறங்கி நின்றும் உடம்பு ரயிலாட்டம் ஆடுகிறது. அத்தாப்பு ஓலைக் கொட்டகை, ஈ, கக்கூஸ் நாற்றம். இங்கிருந்து நடையாம். எவ்வளவு தூரம் என்று கேட்டவனுக்கு அறை.

ஏப்ரல் 14
சித்திரை பிறந்திருக்கும். வெல்லம் கிடைக்காத ஊரில் அம்மா மாங்காய்ப் பச்சடிக்கு என்ன செய்தாளோ.

ஏப்ரல் 29
ஜப்பான் ராஜாவுக்குப் பிறந்தநாள். வரிசையில் நிறுத்திக் குனியச் சொன்னார்கள். குனிந்தோம். ராத்திரி மறுபடியும் நடை.

மே 7
கொன்கொய்த்தா. பான்போங்கிலிருந்து 160 மைல் கட்டைக்கு மேல். தெற்கேயிருந்து ஒரு தண்டவாளம், பர்மாப் பக்கமிருந்து ஒரு தண்டவாளம் வருகிறதாம். அவை வந்து சேர்வதற்குள் நாங்கள் காட்டை வெட்டி மண்மேடு கட்டியிருக்க வேண்டும்.

தோட்டத்து ஆபீஸில் நான் சின்னக் கிராணி, கணக்கு எழுதுபவன். இங்கும் அதே உத்தியோகம்: பிரட்டில், காலை ஆள்கணக்கு வரிசையில், பேர் கூப்பிடுவது. ரயில் ஏறியது 112 பேர். இன்று 104. மீதிப் பேரைப் ‘பின்னால் வருகிறார்கள்’ என்று எழுதச் சொன்னார் தண்டல். அப்படியொரு கட்டம் செக்ரோல் என்கிற ஆள்பதிவுத் தாளில் கிடையாது.

மே 9
ஆறு மணி என்கிறான் ஜப்பான்காரன். அது டோக்கியோ மணி. இந்தக் காட்டில் கோழிகூட எழும்பாத நேரம். இருட்டில் தாள் தெரிவதில்லை, மனப்பாடமாகச் சொல்கிறேன். 57ஆம் பேரில் மட்டும் நாக்கு தட்டுகிறது.

மே 15
துரைமார் வந்திருக்கிறார்கள். கைதிகளாக. சிங்கப்பூரில் பிடிபட்ட பட்டாளம். இவர்களும் பான்போங்கிலிருந்து நடந்தே வந்தார்களாம். பாதிப் பேருக்குச் செருப்பில்லை, சிலருக்குக் கோவணம் மட்டும்தான். விலா எலும்பை எண்ணலாம். இரண்டு மூங்கிலில் சாக்கைக் கோத்து மண் சுமக்கிறார்கள், எங்களைப் போலவே, எங்களைவிட மோசமாக. மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை.

ஒருவர் எதிரே வந்தார். நெடிய ஆள், சிவந்த தாடி. தண்டல் சட்டென்று தலைத்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பாதையை விட்டு இறங்கி நின்றார். இருபது வருடத்துப் பழக்கம். அந்தத் துரை இவரைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு போனார்.

தண்டல் அப்புறம் நாள் முழுக்க யாருடனும் பேசவில்லை.

மே 19
மழை.

மே 20
மழை. பென்சிலை வாயில் வைத்திருக்கிறேன்.

மே 24
வாந்திபேதி. ராத்திரி என்னிடம் புகையிலை கேட்டவர் விடியும்போது ஆள் அடையாளமில்லை. கண் உள்ளே போய், விரலெல்லாம் நாள்பூராவும் துணி துவைத்த கை மாதிரி சுருங்கிவிட்டது. கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். கொதிக்க வைக்க இருப்பது ஈர மூங்கில். புகைதான் வருகிறது. 83.

மே 30
இதை எழுதாமல் விட்டால் நல்லது. எழுதுகிறேன்.

வேலைக்கு வராதவனுக்குப் பாதி அரிசி. செத்தவனுக்கு ஒன்றுமில்லை. அதனால் செத்தவன் பேரை இரண்டு நாள் கழித்துத்தான் அடிக்கிறேன். இருட்டில் பேர் வாசிப்பேன், பையன் குரலை மாற்றி மாற்றி “இருக்கேன்” என்பான். கிழவர் குரல் அவனுக்கு நன்றாக வருகிறது. நேற்று வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

தோட்டத்தில் பெரிய கிராணி இல்லாத ஆளுக்குப் பேர் போட்டுச் சம்பளம் எடுப்பார். அவரைப் பற்றி லயமெல்லாம் பேசியவன் நான்.

ஜூன் 3
தோட்டத்தில் ஆள் எடுத்தபோது லயத்துக்கு இத்தனை பேர் என்று ஜப்பான்காரன் கேட்டிருந்தான். பெரிய கிராணி 57ஆம் வரியைக் காலியாக விட்டு, “நீ போடு” என்று தாளை என் பக்கம் தள்ளினார். ஏழாம் லயத்தில் இரண்டு பேர்தான் தேறுவார்கள். ஒருவர் மூன்று பிள்ளைக்குத் தகப்பன். இன்னொருவன் தாய் தகப்பன் இல்லாதவன், கேட்க நாதியில்லை. போட்டேன். மை காயுமுன்னே கடைசி வரியில் அவர் என் பேரை எழுதினார். அழகான கையெழுத்து அவருக்கு.

ஜூன் 11
“அண்ணே, என் பேரு எழுத்துல எப்படி இருக்கும்?” என்று கேட்டான். மூங்கில் குச்சியால் சேற்றில் எழுதிக் காட்டினேன். மூன்றே எழுத்து. குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

“இவ்வளவுதானா?”

ஜூன் 12
தூங்கவில்லை.

ஜூன் 26
உப்பு. உப்பு. உப்பு.

ஜூலை 8
மூன்று மாதம் முடிந்தது. தண்டலிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று எழுந்துவிட்டேன். அவர் போய் ஒன்பது நாளாகிறது. 41.

ஜூலை 13
பையனுக்கு மூங்கில் கீறிய இடம் புண்ணாகிவிட்டது. நகக்கீறல் அளவு இருந்தது, இப்போது உள்ளங்கை அகலம். துரைமார் கொட்டகையில் ஒரு டாக்டர் இப்படிப்பட்ட புண்ணைக் கரண்டியால் சுரண்டுகிறார். அந்தச் சத்தம் இங்குவரை கேட்கும். அவன் வரமாட்டேன் என்கிறான்.

ஜூலை 15
57 வந்தது. வாசித்துவிட்டு நானே அவன் குரலில் “இருக்கேன்” என்றேன். எனக்கு வராது அந்த வித்தை. ஜப்பான்காரன் டார்ச்சை என் முகத்துக்கு நேரே அடித்தான். கன்னம் வீங்கியிருக்கிறது. முழு அரிசி வந்தது.

ஜூலை 17
நாளைக்கு வடக்கே, நீக்கே பக்கம். நடக்க முடிந்தவர்கள் மட்டும். முடியாதவர்கள் இங்கேயே. இங்கே யார் சோறு கொடுப்பார்கள் என்று கேட்டேன், பதிலில்லை. பட்டியல் இன்றிரவே வேண்டுமாம். மூன்று எழுத்து எழுதிவிட்டால் அவன் நடந்துவிடுவானா? வழியில் விழுந்தால் துப்பாக்கிக் கட்டை.

பென்சில் நகக்கண் அளவு இருக்கிறது. 56 வரை போட்டாயிற்று.