கேபிளுக்கு எதற்கு 200 மணி நேரம்?

புதிதாக விலை கூடிய ஆடியோ கேபிள் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, பழசுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே என்று யாராவது கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "100 மணி நேரம் ஓடட்டும், முடிந்தால் 200, அப்புறம் கேட்டுப் பாருங்கள்." புது பைக்கை முதல் சர்வீஸ் வரை விரட்டாதே என்பது மாதிரி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் எஞ்சினில் உரசித் தேய்ந்து பொருந்த வேண்டிய பாகங்கள் இருக்கின்றன. கேபிளில் இருப்பது செம்புக் கம்பி, அதன் மேல் பிளாஸ்டிக் உறை, இரண்டு முனையிலும் பிளக், அவ்வளவுதான்.

மின்சாரம் ஓட ஓட செம்பின் படிக அமைப்பு சீராகிறது என்பார்கள். செம்பு அப்படி மாற சில நூறு டிகிரி சூடு வேண்டும். சிடி பிளேயரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் ஆர்சிஏ கேபிளில் இருப்பது சுமார் 2 வோல்ட். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுத் தடை 47 கிலோ ஓம் என்றால் ஓடும் மின்னோட்டம் 50 மைக்ரோ ஆம்பியர்கூடக் கிடையாது, இதில் கம்பி சூடாவதாவது! உறைதான் மெல்ல சார்ஜ் ஆகிறது என்பது இன்னொரு விளக்கம். இசை சிக்னல் ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை பிளஸ்ஸும் மைனஸுமாக மாறிக்கொண்டே இருப்பது, அதில் நாள்கணக்கில் எது தேங்கும்?

கேபிள் மாறவே மாறாது என்றும் சொல்ல முடியாது, வெயிலுக்கு மாறும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் கேபிள் 3 மீட்டர் என்றால், போக வர 6 மீட்டருக்குத் தடை சுமார் 40 மில்லி ஓம். அறையின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அது ஏறக்குறைய 4 சதவீதம் ஏறும். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் வரும் வித்தியாசம் ஒரு டெசிபலில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. ஏசியைப் போட்டதும் பேஸ் இறுகிவிட்டது என்று இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிரேக்-இன், அதாவது இப்படி ஓட விட்டுப் பழக்குவது, மொத்தமும் கட்டுக்கதை என்றும் சொல்லவில்லை. பேஸ் ஒலியைத் தரும் வூஃபர் ஸ்பீக்கரின் கோனைத் தாங்கும் ஸ்பைடர், அதாவது கோனின் பின்னால் இருக்கும் அந்த மடிப்பு மடிப்பான துணி, ஓட ஓடக் கொஞ்சம் தளரும், கோன் இயல்பாக அதிரும் வேகம், அதாவது ஒத்ததிர்வு எண், இறங்கும், அதை அளந்தே காட்டலாம். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த ஆம்ப்ளிஃபயரின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களும் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகங்கள்) மின்சாரம் ஏறிய பிறகுதான் சரியாகும். கேபிள் விஷயத்தில் நான் பார்த்தவரை நிஜக் காரணம் பெரும்பாலும் பிளக்தான். பழைய ஆர்சிஏ சாக்கெட்டில் கறுப்பேறியிருக்கும், புது கேபிளைத் திருகிச் செருகும்போது அது சுரண்டப்பட்டுத் தொடர்பு நன்றாகிவிடும், பேர் மட்டும் கேபிளுக்குப் போய்விடும். பழைய கேபிளையே கழற்றி, பிளக்கைத் துடைத்து, நாலு முறை திருகி மாட்டிப் பாருங்கள், செலவே இல்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரே மாடலில், ஒரே நீளத்தில் இரண்டு வாங்கி ஒன்றை ஓட விடுங்கள், மற்றதைப் பெட்டியிலேயே வையுங்கள். 200 மணி நேரம் முடிந்ததும் வேறொருவரை மாற்றி மாற்றி மாட்டச் சொல்லி, எது எது என்று தெரியாமல், வால்யூமைத் தொடாமல் கேளுங்கள். நேற்று கேட்டதையும் இன்று கேட்பதையும் மனதுக்குள் ஒப்பிடுவது செல்லாது, ஒலியின் நுணுக்கம் அவ்வளவு நேரம் நினைவில் நிற்காது.

ஒரு வேடிக்கை, ஓட ஓட மோசமாகிப்போன கேபிள் என்று எங்கேயும் படித்ததில்லை, எல்லாமே மெருகேறித்தான் வருகின்றன. தினம் 2 மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு 200 மணி நேரம் என்பது 100 நாள். கடைக்காரர் 30 நாளில் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், பிடிக்காத கேபிளை முதல் வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.