எம்ஜிபி காரின் பெயின்ட் கோளாறுகள்: கதவு, பானெட், மட்கார்டு

1966இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவான என் எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை கொண்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), முழுப் புனரமைப்பு முடிந்து டார்டன் சிவப்பு நிறத்தில் பட்டறையிலிருந்து திரும்பியபோது கண்ணைப் பறித்தது. இங்கிலாந்தின் ஈரமான குளிர்காலம் ஒன்று கழிந்ததும் அதன் குறைகள் வெளிப்பட்டன. கதவுகள் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரத்தன. பானெட்டில் ஊசிமுனைத் துளைகள் தெரிந்தன. இடது முன் மட்கார்டின் அடியில் கொப்புளங்கள் கிளம்பின. மூன்றையும் தேய்த்து மெருகேற்றினால் போதும் என்று சொன்னவர்கள் உண்டு. குறை எந்த அடுக்கில் இருக்கிறது என்று அறியாமல் தேய்ப்புக் காகிதத்தைக் கையிலெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கதவுகளில் குறை, நிறத்துக்கு மேலே அடிக்கப்படும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட்டோடு நின்றிருந்தது. தடிமன்மானியால் பல இடங்களில் அளந்து, பெயின்ட் மெல்லியதாக இருக்கும் விளிம்புகளை டேப்பால் மூடி, 1500, 2000, 3000 என்று மேலும் மேலும் நுண்மையாகும் வரிசையில் வாட்டர் பேப்பரால் தேய்த்து, காம்பவுண்டு என்னும் மெருகுப் பசை போட்டேன். பஃபிங் பேடில் சிவப்பு ஏறினால் கிளியர் கோட் தீர்ந்துவிட்டது என்று பொருள். பேடு கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது.

ஆரம்பகால எம்ஜிபிகளின் பானெட் அலுமினியத்தால் ஆனது என்பதால், காந்த முறையில் மட்டும் அளக்கும் கருவி அங்கே பயன்படாது. சுழல் மின்னோட்ட முறையில் அளக்கும் கருவி வேண்டும். பானெட்டில் தெரிந்தது போன்ற துளைகள் உருவாகும் விதம் இது: ஒரு கோட் உலர்வதற்குள் அடுத்ததைக் கனமாக அடித்தால், மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே சிக்கிய தின்னர் அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. இத்தகைய துளைகளைத் தேய்க்கத் தேய்க்க அடியிலுள்ள புதிய துளைகள் திறந்துகொண்டு, காம்பவுண்டு புகுந்து வெண்புள்ளிகளாக நின்றுவிடும். ஆகவே உறுதியான அடுக்கு வரும்வரை தேய்த்து, மறுபடி பெயின்ட் அடிப்பதற்காக பானெட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

அதிக உழைப்பைக் கேட்டது மட்கார்டுதான். ஒரு கொப்புளத்தை லென்ஸ் வழியே பார்த்தபடி ஊசியால் கீறியபோது, துளி நீர் கசிந்தது. அதனடியில், தகட்டின் பள்ளங்களை நிரப்பப் பூசும் சாம்பல் நிறப் பட்டி ஈரமாக இருந்தது. பாலியெஸ்டர் பட்டி நுண்துளைகள் கொண்டது; அதைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முழுவதும் காயுமுன் பிரைமர் அடித்தால், உறிஞ்சிய ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, பின்னர் மேலும் ஈரத்தை இழுத்துப் பெயின்டைத் தூக்கிவிடும். பட்டி பார்த்த கட்டத்தின் புகைப்படங்களைப் பட்டறையில் கேட்டேன். அவை எடுக்கப்படவே இல்லை என்றார்கள். அவற்றைக் கேட்டு வாங்கும் உரிமை கார் உரிமையாளருக்கு உண்டு என்றே கருதுகிறேன்.

நல்லவேளையாக, எம்ஜிபியின் முன் மட்கார்டுகள் போல்ட்டில் பொருத்தப்பட்டவை. கழற்றிப் பார்த்தால், சக்கரத்துக்குப் பின்னால் சேறு தேங்கும் கீழ்மூலையில் உட்புறமும் துரு பிடித்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, வெற்றுத் தகடு தெரியும்வரை உரித்து, முதலில் தகட்டைத் துருவிலிருந்து காக்கும் எபாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல் பட்டி பார்த்து, தண்ணீர் தொடாமல் உலர்வாகவே தேய்த்திருக்கிறேன். அடுத்து, சிறு மேடுபள்ளங்களை நிரப்பும் கனமான ஹை பில்டு பிரைமர். நிறத்தைக் குறியீட்டு எண்ணை மட்டும் நம்பிக் கலக்காமல், மெருகேறிய கதவோடு வெயிலில் ஒப்பிட்ட பிறகு, மட்கார்டையும் பானெட்டையும் ஒரே கலவையில் ஒரே நாளில் அடிக்க வேண்டும்.