லீப் செகண்டை நான் படித்த விதம்

லினக்ஸ் அட்மின் வேலைக்கான நேர்முகத்தில் கேட்டார்கள்: "லீப் செகண்ட் வரும்போது உங்கள் சர்வர் என்ன காட்டும்?" பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக, யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் ஒரு கூடுதல் நொடிதான் லீப் செகண்ட். 23:59:60 என்றேன். "அது யூடிசி. நான் கேட்டது சர்வரை" என்றார் எதிரில் இருந்தவர். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிரவே ஒரு விர்ச்சுவல் மெஷினைத் திறந்தேன். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் சோர்ஸில், டைமர் சோதனைகளுக்கு நடுவே, 'லீப்-அ-டே' என்று ஒரு சின்ன சி புரோகிராம் உண்டு. கடிகாரத்தை யூடிசி நள்ளிரவுக்கு 10 நொடி முன்னால் கொண்டுபோய் வைக்கச் சொல்லி அதை ஓட்டினேன். 23:59:59 வந்தது. அடுத்து 00:00:00 வரவில்லை. 23:59:59 மறுபடியும் வந்தது! 60 என்ற எண்ணே இல்லை. முதலில் நடந்ததைவிடப் பிறகு நடந்தது பழைய நேரத்தோடு லாக்கில் பதிவாகலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. நீங்களும் இதைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். ஓட்டுமுன் குரோனியை (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் புரோகிராம்) நிறுத்திவிடுங்கள்; ஆபீஸ் மெஷினில் வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் நேரப்படி இது காலை 5:30 மணிக்கு நடக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

அப்புறம் குரோனியின் கான்ஃபிக். 'லீப்செக்மோட்' வரிக்கு சிஸ்டம், ஸ்டெப், ஸ்லூ, இக்னோர் என நான்கு மதிப்புகள். ஒன்றும் எழுதாவிட்டால் சிஸ்டம். கர்னலே பார்த்துக்கொள்ளும், நான் பார்த்ததுபோல நொடி திரும்ப வரும். டேட்டாபேஸ் சர்வர் என்றால் நான் ஸ்லூவைத்தான் தேர்ந்தெடுப்பேன். அதில் நேரம் பின்னோக்கிப் போகாது, கடிகாரம் மெதுவாக ஓடும். லினக்ஸில் இயல்பான வேகத்தில் 12 நொடியில் சரியாகிவிடும். கடிகார வேகத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற உச்சவரம்பான 'மேக்ஸ்ஸ்லூரேட்'டை 1000 (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்று வைத்தால் சுமார் 17 நிமிடம்.

'லீப்செக்டிஇசட்' வரியில் 'ரைட்/யூடிசி' என்று கொடுத்தால் லீப் செகண்ட் தகவலை டைம்ஸோன் ஃபைலிலிருந்து எடுத்துக்கொள்ளும். சில டிஸ்ட்ரோக்களில் அந்த ஃபைல் இருக்காது, முதலில் சரிபாருங்கள்.

கூகுளின் டைம் சர்வர்கள் அந்த ஒரு நொடியை 24 மணி நேரத்தில் பரப்பிவிடும். நள்ளிரவில் மற்ற சர்வர்களிலிருந்து அரை நொடி விலகி நிற்கும். இந்த இரு வகை சர்வர்களையும் ஒரே கான்ஃபிக்கில் கலக்காதீர்கள்.

கடைசியாக லீப் செகண்ட் வந்தது 2016 டிசம்பர் 31. 2035-க்குள் இந்த முறையையே மாற்ற 2022-இல் முடிவெடுத்துவிட்டார்கள். ஆனாலும் நேர்முகத்தில் கேட்கிறார்கள். 'குரோனிசி ட்ராக்கிங்' கொடுத்து, 'லீப் ஸ்டேட்டஸ்' என்ற வரியைப் பார்த்துப் பழகுங்கள். சாதாரண நாளில் 'நார்மல்' என்றிருக்கும், நொடி கூடும் நாளில் 'இன்சர்ட் செகண்ட்' என்று மாறும்.